அப்பாவுக்கு ஷேக்ஸ்பியர் கேட்க ஒலிப்பதிவு வேண்டும் – எதில் ஆரம்பிக்கலாம்?

நெல்லைச் சங்கரி | ஞாயிறு, இரவு 9:12

வணக்கம். இங்கே ரொம்ப நாளாப் படிச்சிட்டு வர்றேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

அப்பா 33 வருஷம் கல்லூரியில ஆங்கில இலக்கியம் நடத்தினவர். வயசு 76. கிளாக்கோமா. இடது கண் போய் நாலு வருஷம் ஆச்சு. வலது கண்ணுல இந்தப் பொங்கலோட எழுத்து தெரியிறது நின்னுடுச்சு. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் தெரியும், அவ்வளவுதான். அட்டை பிஞ்சு போன வெரிட்டி பதிப்பு 'மக்பெத்' ஒண்ணு வச்சிருக்கார். அதை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார், பிரிக்கிறதில்ல.

நான் வாசிச்சுக் காட்டிப் பார்த்தேன். முதல் அங்கம்கூட முடியல. நான் பி.காம். படிச்சவ, அர்த்தம் புரியாம வாசிச்சா அடுத்த வார்த்தையிலேயே அவருக்குத் தெரிஞ்சுடுது. "போதும்மா, தொண்டை வலிக்கும் உனக்கு"ன்னு நிறுத்திடுறார்.

இத்தனை வருஷம் ஷேக்ஸ்பியர் நடத்தினவர் ஒரு நாடகத்தைக்கூட மேடையில பார்த்ததில்ல. முழுசா ஒலிப்பதிவும் கேட்டதில்ல. புத்தகம், கரும்பலகை, அவரோட குரல், அவ்வளவுதான்.

யூடியூப்ல தேடினா பாதி சுருக்கம், பாதி பாட வகுப்பு. எனக்கு வேண்டியது: வரி விடாம முழுசா இருக்கணும், சொல் தெளிவா இருக்கணும். காதும் கொஞ்சம் மந்தம், பின்னணி இசை ஏறினா அவருக்குப் பேச்சு பிடிபடல. என்ன வாங்கலாம்?

பழைய ரெக்கார்டு | ஞாயிறு, இரவு 10:40

சங்கரிம்மா, உங்கள் அப்பாவுக்கு நான் முதலில் சொல்வது ஆர்கோ.

1951-ல் லண்டனில் தொடங்கிய சிறிய ரெக்கார்டு கம்பெனி அது. 1957-லிருந்து 1964-க்குள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையும் கவிதைகளையும் வரி வெட்டாமல் எல்.பி. இசைத்தட்டுகளில் கொண்டுவந்து முடித்தார்கள். 1964 ஷேக்ஸ்பியர் பிறந்த 400-ஆவது ஆண்டு, அதற்குள் முடிப்பது என்று கங்கணம் கட்டிக்கொண்டு செய்த வேலை. பிரிட்டிஷ் கவுன்சில் பின்னால் நின்றது. இயக்கியவர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி ஆசிரியர் ஜார்ஜ் ரைலண்ட்ஸ். பேசியவர்கள் அங்கிருந்த மார்லோ சொசைட்டி மாணவர்களும், கூடவே தொழில்முறை நடிகர்களும். பிறகு பெரிய நடிகர்களான இயன் மெக்கெல்லன், டெரிக் ஜாகோபி இருவரும் மாணவர்களாக இதில் பேசியிருக்கிறார்கள்.

ரைலண்ட்ஸுக்கு ஒரே பிடிவாதம்தான். செய்யுளைச் செய்யுளாகச் சொல்ல வேண்டும். அழுகை, கத்தல், பெருமூச்சு எதுவும் அடியின் ஓட்டத்தை மறித்துக்கொண்டு நிற்கக் கூடாது. 1944-ல் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் ஜான் கீல்குட் ஹாம்லெட் நடித்தபோது அதை இயக்கியவரும் இவர்தான். வாத்தியார் வீட்டு வாசிப்பு என்று சிலர் குறை சொல்வார்கள். உங்கள் அப்பாவும் வாத்தியார்தானே, அவருக்கு அது குறையாகத் தெரியாது. இசை மிகக் குறைவு. சொல் ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து விழும்.

கௌசல்யா எம் | திங்கள், காலை 7:05

பழைய ரெக்கார்டு சார் சொல்றதுல ஒண்ணே ஒண்ணு எனக்கு ஒத்துக்க முடியல. ஆர்கோவுல கேம்பிரிட்ஜ் பசங்க எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவாங்க. ரெண்டு பிரபுக்கள் பேசிக்கிட்டா யார் ராஸ், யார் லெனாக்ஸ்னு கையில புத்தகம் இல்லாம கண்டுபிடிக்கிறது கஷ்டம். அக்காவோட அப்பாவால புத்தகத்தைப் பார்க்க முடியாதே.

என் பரிந்துரை ஆர்கேஞ்சல்ங்கிற ஒலிப்பதிவு வரிசை. 38 நாடகம், முழுப் பிரதி, 1998-ல் வர ஆரம்பிச்சு 2003-ல் தொகுப்பா முடிஞ்சது. இயக்கம் கிளைவ் பிரில். ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி மேடையில ஊறின நடிகர்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்னு குரலோட மண் மாறும், அதனால ஆளைக் குரல்லயே பிடிச்சுடலாம். மக்பெத்துல லேடி மக்பெத்தா ஹாரியட் வால்டர். அந்த அம்மாவை ஒரு தடவை கேட்டுப் பாருங்க அக்கா.

இசை கொஞ்சம் உண்டு, மறைக்கல. பெரும்பாலும் காட்சிக்கும் காட்சிக்கும் நடுவுலதான் வரும்.

வெண்பா வேலன் | திங்கள், மதியம் 1:20

முதலில் ஒரு விஷயம். 'ஹாம்லெட்' இரண்டாம் அங்கத்தில், வந்திறங்கிய நடிகர்களைப் பற்றிப் பேசும்போது இளவரசன் "நாளைக்கு ஒரு நாடகம் கேட்போம்" என்றுதான் சொல்கிறான். பார்ப்போம் என்று சொல்லவில்லை. அக்காலத்து லண்டன்காரர்கள் அப்படியும் பேசினார்கள். பட்டப்பகலில், திறந்த அரங்கில், திரையோ விளக்கோ இல்லாமல் நடந்த நாடகம். இருட்டு, புயல், விடியல் எல்லாம் சொல்லில்தான் வந்தாக வேண்டும். ஆகவே காதால் மட்டும் கேட்பது உங்கள் அப்பாவுக்கு வாய்த்த இரண்டாந்தர ஏற்பாடு என்று நினைக்க வேண்டாம். இந்த நாடகங்கள் எழுதப்பட்டதே காதுக்காக.

நம் செய்யுளில் சீரும் தளையும் போல அவர்களுக்கு ஐயாம்பிக் பென்டாமீட்டர். நமக்கு நேர், நிரை என்று எழுத்தின் மாத்திரைக் கணக்கு, அவர்களுக்கு அழுத்தக் கணக்கு. ட-டம், ட-டம், ட-டம், ட-டம், ட-டம். ஓர் அடிக்கு ஐந்து. நடிகர் இதை விட்டுவிட்டு உரைநடை மாதிரிப் பேசினால் பாதி நாடகம் போய்விடும். பதிவு பழசா புதுசா, யார் நடித்தது என்பதெல்லாம் எனக்கு அடுத்த கேள்வி. அந்த ஐந்து சீரும் காதில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள்.

அதற்கு மக்பெத்திலேயே ஒரு சோதனை இருக்கிறது. ராஜாவைக் கொன்றுவிட்டு மக்பெத் இறங்கி வரும் இடம், அவனும் மனைவியும் பேசுவது. "டிட் நாட் யூ ஸ்பீக்?" "வென்?" "நௌ." "ஆஸ் ஐ டிசெண்டெட்?" அச்சில் படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக, உள்தள்ளி உள்தள்ளிப் போட்டிருப்பார்கள். காரணம், இரண்டு பேரும் சேர்ந்துதான் ஓர் அடியை முடிக்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மூச்சுவிடும் நேரம்கூட இல்லாமல் மற்றவர் எடுக்க வேண்டும். எடுத்தால் பயம் தானாக வரும். இடையில் நிறுத்தி நடித்துக் காட்டினால் பயமும் போய்விடும், அடியும் போய்விடும்.

ஒலிப்பெட்டி | திங்கள், இரவு 8:31

நான் சவுண்ட் என்ஜினீயர். இலக்கியம் அவ்வளவா தெரியாது, காதைப் பத்தி மட்டும் சொல்றேன்.

வயசானா முதல்ல போறது உயர் அதிர்வெண். ஸ், ஃப், த் மாதிரி மெய்யெழுத்து ஓசையெல்லாம் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலதான் பெரும்பாலும் இருக்கு. உயிரெழுத்து கீழே. அதனால "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு தெரியல"ம்பாங்க. அதுக்குக் கீழ இசையோ இடி முழக்கமோ சேர்ந்தா சொல் மொத்தமா அமுங்கிடும்.

வால்யூமைக் கூட்டாதீங்க. ஈக்வலைசர்ல 150-க்குக் கீழ குறைச்சு, 2,000 முதல் 4,000 வரைக்கும் கொஞ்சம் ஏத்துங்க. டிவி ஸ்பீக்கர் வேண்டாம். நல்ல ஹெட்ஃபோன், இல்லேன்னா அவர் முகத்துக்கு நேரா ஒரு சின்ன ஸ்பீக்கர்.

வேகத்தை 0.8-க்குக் குறைச்சு வைக்கலாமேன்னு தோணும், செய்யாதீங்க. வேலன் சொன்ன அந்தத் தாளம் செத்துடும். மறுபடி போட்டுக் கேக்கறது மேல்.

இன்னொண்ணு, போன்ல தொட்டுத் தடவி இயக்குறது அவருக்கு முடியாது. பென் டிரைவ் போடற, நிஜப் பட்டன் இருக்கிற பிளேயர் வாங்குங்க. நாடகத்துக்கு ஒரு ஃபோல்டர், காட்சிக்கு ஒரு ஃபைல். அடுத்த பட்டனை அமுக்கினா அடுத்த காட்சி.

நெல்லைச் சங்கரி | வியாழன், இரவு 10:02

எல்லாருக்கும் நன்றி. பட்டன் பிளேயர் வாங்கிட்டேன். கௌசல்யா சொன்ன ஆர்கேஞ்சல் மக்பெத்தை முதல்ல போட்டேன். நடந்ததைச் சொல்றேன்.

மந்திரக்காரிகள் வர்ற இடத்துல ஓசை அதிகமா இருக்குன்னு முகம் சுளிச்சார். நிறுத்தட்டுமான்னு கேட்டேன், கையால வேண்டாம்னார். அப்புறம் கொலை ராத்திரி. வேலன் சார் சொன்ன இடம் எனக்கே தெரிஞ்சது, அவ்வளவு வேகமாப் போச்சு. அப்பா நாற்காலிக் கையில விரலால தட்டிக்கிட்டே இருந்தார். முடிஞ்சதும் பிளேயரை நிறுத்தச் சொன்னார். "இந்த நாலு வார்த்தைய நான் வகுப்புல ரெண்டு நாள் எடுப்பேன். இங்க நாலு விநாடியில போயிடுச்சு"ன்னார். குறையாச் சொல்றாரோன்னு நினைச்சேன். "அதுதாம்மா சரி. நான்தான் மெதுவாப் போயிருக்கேன்"னு திரும்பவும் போடச் சொன்னார். மூணு தடவை கேட்டார்.

அதுக்கப்புறம் கதவு தட்டுற சத்தம். அந்தக் காட்சி முழுக்க அது வந்துக்கிட்டே இருக்கு. புத்தகத்துல 'தட்டும் ஓசை'ன்னு சாய்வெழுத்துல போட்டிருக்கும், கண் தாண்டிப் போயிடும், இங்க தாண்ட முடியல, அப்படீன்னார். செத்துப்போன ராஜா டங்கனை எழுப்ப முடிஞ்சா எழுப்பிடுன்னு மக்பெத் கடைசியா சொல்ற வரியை நடிகரோட சேர்ந்து அவரும் சொன்னார். சத்தம் வராம, உதடு மட்டும்.

அடுத்து 'கிங் லியர்' கேட்கிறார். எது?

பழைய ரெக்கார்டு | வியாழன், இரவு 11:15

படிக்கும்போதே மனசு நிறைந்தது அம்மா.

லியருக்கு ஜான் கீல்குட். 1994-ல் அவருடைய 90-ஆவது பிறந்தநாளை ஒட்டி பிபிசி ரேடியோ 3 தயாரித்தது. மூத்த மகள் கானரிலாக ஜூடி டென்ச், கடைசி மகள் கார்டீலியாவாக எம்மா தாம்சன். தொண்ணூறு வயதுக் கிழவன் எண்பது தாண்டிய கிழவனாகப் பேசுகிறான், அந்தக் குரலில் இன்னும் இசை இருக்கிறது. ஒரு வாக்கியத்தை மேலே தூக்கி, அங்கேயே நிறுத்தி, மெல்ல இறக்கும் அழகை வேறு யாரிடமும் நான் கேட்டதில்லை.

வெண்பா வேலன் | வெள்ளி, காலை 6:48

சார் மன்னிக்கணும், லியருக்கு நான் ஸ்கோஃபீல்ட் பக்கம். கீல்குட் பாடுகிறார். எவ்வளவு பெரிய பாடகர் என்றாலும் லியர் பாடக் கூடாது.

பால் ஸ்கோஃபீல்ட் இரண்டு தடவை லியரை ஒலிப்பதிவு செய்திருக்கிறார். 1960-களில், தன் நாற்பதுகளில், அமெரிக்காவின் கேட்மன் நிறுவனத்துக்கு. பிறகு 2002-ல், அவருக்கு 80 வயது நிறைந்தபோது, நாக்சோஸ் நிறுவனத்துக்கு. அதில் கென்னத் பிரானா கோமாளி. இரண்டாவதைக் கேளுங்கள். குரல் காய்ந்த பனையோலை மாதிரி சரசரக்கும். கத்தவே மாட்டார். புயல் காட்சியிலும் வார்த்தைதான் முன்னால் நிற்கும், ஓசை பின்னால்.

கடைசியில் செத்துப்போன மகளைக் கையில் ஏந்திக்கொண்டு சொல்வது: "நெவர், நெவர், நெவர், நெவர், நெவர்." ஓர் அடி முழுக்க ஒரே சொல். ஐந்து சீருக்கு ஐந்து 'நெவர்'. ஆனால் ட-டம் என்று மூன்று மணி நேரமாக ஓடிவந்த தாளம் இங்கே டம்-ட, டம்-ட, டம்-ட என்று தலைகீழாகக் கவிழ்கிறது. ஐந்தும் கவிழ்கின்றன. அடியின் எலும்பையே திருப்பிப்போட்டு உடைத்துவிட்டார் ஷேக்ஸ்பியர். அதற்கு முன் அத்தனை ஆயிரம் அடிகளையும் தாளம் பிசகாமல் சொல்லிவந்த நடிகரால்தான் இந்த உடைப்பைக் கேட்க வைக்க முடியும். முதலிலிருந்தே உரைநடையாகப் பேசிவந்தவரிடம் உடைவதற்கு என்ன இருக்கிறது? இதற்கடுத்த வரி, இந்தப் பொத்தானைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள் என்பது. ஒரு ராஜா, கடைசிப் பேச்சு, ஒரு பொத்தான். அதைப் பாடினால் போச்சு.

பழைய ரெக்கார்டு | வெள்ளி, காலை 9:30

வேலன், அந்த 'நெவர்' பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பாடுவதை ஒரு குற்றமாகச் சொல்லாதீர்கள். கவிஞர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1930-களில் பிபிசிக்காகத் தன் கவிதைகளை வாசித்தார். இவற்றைச் செய்யுளாக்க நான் பட்டபாடு கொஞ்சமல்ல, அதனால் உரைநடை மாதிரி வாசிக்கப் போவதில்லை என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டு, ஏறக்குறைய ஓதுவார் போல இழுத்து இழுத்துச் சொல்வார். 'இன்னிஸ்ஃப்ரீ' தீவுக் கவிதை. முதல் தடவை கேட்பவருக்கு விநோதமாக இருக்கும், மூன்றாம் தடவை அதை வேறு மாதிரி வாசிக்கவே முடியாது.

அதற்கும் முன்னால் ஆங்கிலக் கவிஞர் டென்னிசன். 1890, வைட் தீவில் அவருடைய வீடு. எடிசனின் ஃபோனோகிராஃபைக் கொண்டுபோய், மெழுகு உருளையில் அவர் குரலையே பதித்தார்கள். 'லைட் பிரிகேடின் பாய்ச்சல்' என்ற குதிரைப்படைக் கவிதை. அவருக்கு அப்போது 80 தாண்டியிருந்தது. உருளைகள் பின்னாளில் வெப்பத்தில் கெட்டுப்போனதால் கரகரப்புத்தான் அதிகம். ஆனால் குதிரைக் குளம்பு மாதிரி அந்தத் தாளம் கேட்கும். நடுவில் ஏதோ 'தொம் தொம்' என்று ஒரு சத்தம், கிழவர் மேசையைத் தட்டுகிறார் என்று சொல்வார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1889 ஏப்ரலில், நண்பர் வீட்டு விருந்தில் ராபர்ட் பிரவுனிங்கைப் பேசவைத்தார்கள். சொந்தக் கவிதை, சில வரி போனதும் மறந்துபோய்விட்டது. என் கவிதையே எனக்கு நினைவில்லை, மன்னியுங்கள் என்று அவர் சொல்வதும் அப்படியே பதிவாகிவிட்டது. அதே டிசம்பரில் இறந்துபோனார்.

கௌசல்யா எம் | வெள்ளி, காலை 9:52

பிரவுனிங் பதிவை இப்பத்தான் கேட்டேன். செத்துப்போனவர் ஒருத்தர் தடுமாறுறதைக் கேக்கும்போது என்னவோ செய்யுது.

சார், வேலன் சார் சொன்ன கேட்மன் கம்பெனி பத்தியும் சொல்லுங்களேன்.

பழைய ரெக்கார்டு | வெள்ளி, இரவு 10:20

சொல்கிறேன். என் அலமாரியில் முதல் தட்டே அதுதான், 1979-ல் சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியது.

பார்பரா ஹோல்ட்ரிட்ஜ், மரியான் மான்டெல். நியூயார்க்கில் ஒரே கல்லூரியில் படித்த தோழிகள். 1952-ல் இரண்டு பேருக்கும் வயது 22. வேல்ஸ் கவிஞர் டைலன் தாமஸ் ஊருக்கு வந்திருக்கிறார், அவர் வாசிப்பதை ரெக்கார்டாகப் போடலாம் என்று கிளம்பினார்கள். 500 டாலர் முன்பணம். பிப்ரவரி 22, ஸ்டெய்ன்வே ஹால். ஐந்து கவிதை வாசித்தார், ஒரு பக்கம்தான் நிறைந்தது. இன்னொரு பக்கத்துக்கு என்ன செய்வது? பத்திரிகையில் எழுதிய ஒரு கிறிஸ்துமஸ் கதை இருக்கிறது என்றார். 'வேல்ஸில் ஒரு குழந்தையின் கிறிஸ்துமஸ்'. இடத்தை நிரப்ப வாசித்த அந்தப் பக்கம்தான் ரெக்கார்டை விற்றது. அவர்கள் தொடங்கிய கேட்மன் கம்பெனி நிலைத்தது. அடுத்த ஆண்டு நவம்பரில் நியூயார்க்கிலேயே தாமஸ் இறந்துபோனார், வயது 39. 2008-ல் அமெரிக்க தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இந்த ரெக்கார்டைச் சேர்த்தார்கள்.

அன்றைக்கு வாசித்த ஐந்தில் ஒன்று, சாகக் கிடக்கும் தகப்பனிடம் மகன் சொல்வது. அந்த நல்ல இரவுக்குள் அமைதியாகப் போய்விடாதே என்று. அந்தக் குரலை ஆலய மணி என்பார்கள். எனக்கு அது மணியாகக் கேட்கவில்லை. மூடிய கதவைத் தோளால் முட்டுகிற மாதிரிக் கேட்கிறது. என் அப்பா இறந்த வருடம் அந்தத் தட்டை நான் தொடவில்லை.

இந்தப் பெண்கள் போட்ட பாதையில்தான் பின்னால் அவர்களே ஷேக்ஸ்பியர் வரிசையும் கொண்டுவந்தார்கள். வேலன் சொன்ன முதல் லியர் அதில் வந்ததுதான்.

ஒலிப்பெட்டி | சனி, காலை 8:10

சார், உங்க எல்.பி.யெல்லாம் டிஜிட்டலா மாத்தி நெட்ல போடலாமா? நான் வந்து செஞ்சு தர்றேன்.

பழைய ரெக்கார்டு | சனி, காலை 8:44

வாருங்கள் தம்பி. நம் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு உரிமைக் காலம், வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆர்கோ ஷேக்ஸ்பியர் 1964-லேயே வெளியாகி முடிந்துவிட்டது, ஆகவே இங்கே அந்தக் காலம் தீர்ந்துவிட்டது. ஆனால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கணக்கு வேறு, நெட்டில் போட்டால் அங்கேயும் போய்விடும். சங்கரியம்மா வீட்டில் கேட்பதற்கு மட்டும் செய்து கொடுப்போம்.

தீவகன் | சனி, மாலை 5:30

லண்டனிலயிருந்து எழுதுறன். ஊர் வேலணை. இந்த இழையை முழுக்க வாசிச்சனான், சங்கரி அக்காவின்ர அப்பாவுக்கு ஒண்டு சொல்லோணும்.

இவ்வளவு நேரமும் நீங்கள் கதைச்ச நாடகப் பதிவுகள் எல்லாம் இந்தக் காலத்து இங்கிலீஷ் உச்சரிப்பு. கீல்குட் கதைக்கிற மாதிரி ஷேக்ஸ்பியர் கதைச்சிருக்க மாட்டார். மொழியியலாளர் டேவிட் கிறிஸ்டல் இதை ஆராய்ஞ்சவர். அந்தக் காலத்து எழுத்துக்கூட்டல், எதுகை, சிலேடை, அப்ப இருந்த இலக்கணக்காரர் எழுதி வைச்ச குறிப்புகள், இதுகளை வைச்சு 1600 அளவில எப்பிடிக் கதைச்சினம் எண்டு மீட்டெடுத்தவர். 2004-ல இஞ்ச குளோப் அரங்கில 'ரோமியோ ஜூலியட்'டை அந்த உச்சரிப்பில போட்டவை. 2012-ல பிரிட்டிஷ் லைப்ரரி ஒரு சிடி வெளியிட்டது, அவரின்ர மகன் பென் கிறிஸ்டல் நடிகர்களோட சேர்ந்து செய்தது.

முக்கியமான விசயம் என்னெண்டால், அதில 'ர்' விழுங்கிறேல்லை. இப்பத்தைய லண்டன் இங்கிலீஷில 'வாட்டர்' கடைசியில 'ர்' கேக்காது. ஷேக்ஸ்பியர் காலத்தில கேட்டது. நாங்கள் யாழ்ப்பாணத்திலயும் நீங்கள் திருநெல்வேலியிலயும் சொல்லுற 'ர்' அங்க கிடக்கு. அதைக் கேக்கேக்க எனக்கு என்ர பள்ளிக்கூட வாத்தியார் வாசிச்ச மாதிரி இருந்தது. அவற்ற உச்சரிப்பைப் பார்த்துச் சிரிச்சிருக்கிறம், இப்ப நினைக்கக் கவலையாயிருக்கு.

ஷேக்ஸ்பியரின்ர 116-ஆவது சானெட்டை (பதினாலு வரிக் கவிதை) பென் கிறிஸ்டல் சொல்லுற பதிவிருக்கு, அதைப் போட்டுக் காட்டுங்கோ.

நெல்லைச் சங்கரி | திங்கள், இரவு 9:47

லியர் பத்தி முதல்ல. ஸ்கோஃபீல்டும் கீல்குட்டும் ரெண்டும் கேட்டார். எது நல்லாருக்குன்னு கேட்டா ரெண்டையும் விட்டுக் குடுக்க மாட்டேங்கிறார். அந்தப் பொத்தான் வரி ஸ்கோஃபீல்டுல வந்தப்போ தன் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கிட்டார். அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேசல. டென்னிசனோட கரகரப்பும் கேட்டார். எனக்கு ஒரு வார்த்தை புரியல, அவர் தலை ஆட்டிக்கிட்டே கூடச் சொல்லிட்டுப் போறார்.

தீவகன் அண்ணா, 116-ஆவது சானெட்டுக்கு உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

அதுல 'லவ்'னு ஒரு வரி முடியும், 'ரிமூவ்'னு இன்னொண்ணு முடியும். கடைசி ரெண்டு வரி 'ப்ரூவ்ட்', 'லவ்ட்'. இது சேராத எதுகை, கண்ணுக்கு மட்டும் ஒத்து வரும், காதுக்கு வராது, இதுக்கு 'ஐ ரைம்'னு பேர், அப்படீன்னு 33 வருஷம் பையன்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காராம். பரீட்சையில ரெண்டு மார்க் கேள்வியாவே வருமாம்.

அந்தப் பதிவுல 'ப்ரூவ்ட்' குறிலா வருது. 'ப்ரவ்ட்'னு வர்ற மாதிரி. 'லவ்ட்'டோட அப்படியே பொருந்துது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்துட்டார். "கண்ணுக்கில்லம்மா, காதுக்குத்தான் எழுதியிருக்கான்! அவன் காலத்துல சரியாத்தான் இருந்திருக்கு!"ன்னு சத்தமாச் சொன்னார். சமையல்கட்டுல இருந்து அம்மா ஓடி வந்துட்டாங்க. பழைய மாணவர் ஒருத்தர், இப்ப அவரும் பேராசிரியர், அவருக்குப் போன் போட்டு, "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்ப்பா, திருத்திக்கோ"ன்னு அரை மணி நேரம் பேசினார்.

'ர்' உச்சரிப்பும் அவருக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. "நாம சொன்னது அவ்வளவு தப்பில்ல போலிருக்கே"ன்னார்.

கௌசல்யா எம் | திங்கள், இரவு 10:03

அக்கா, அப்பா இதையெல்லாம் மனப்பாடமாச் சொல்றாரே, அவர் குரலைப் பதிவு பண்ணுங்க. லிப்ரிவாக்ஸ்னு ஒரு தளம் இருக்கு. ஹ்யூ மக்வையர்னு ஒருத்தர் 2005-ல ஆரம்பிச்சது. உரிமைக் காலம் முடிஞ்ச புத்தகங்களைத் தன்னார்வலர்கள் உலகம் முழுக்க வாசிச்சுப் போடுறாங்க, யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம். குரல் தேர்வெல்லாம் கிடையாது, எந்த ஊர் உச்சரிப்பா இருந்தாலும் சரி. நாடகத்துல ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒவ்வொரு ஊர்ல இருந்து ஒருத்தர் பதிவு பண்ணி அனுப்புவாங்க, அப்புறம் ஒட்டிச் சேர்ப்பாங்க. சின்னக் கவிதைகளுக்குத் தனித் தொகுப்பு உண்டு, சானெட்டுக்கு அது தோது. நான் அதுல கீட்ஸ் வாசிச்சிருக்கேன்.

முதல்ல ஒரு நிமிஷம் சோதனைப் பதிவு அனுப்பணும். எம்பி3, 128 கேபிபிஎஸ், 44.1 கிலோஹெர்ட்ஸ், ஒலியளவு 89 டெசிபல் பக்கம்.

நெல்லைச் சங்கரி | திங்கள், இரவு 10:20

கேட்டேன். முதல்ல வேண்டாம்னார். பிரவுனிங் கதையைச் சொன்னேன், சொந்தக் கவிதையே மறந்து போச்சாமேன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு, "எப்ப பண்ணலாம்?"ங்கிறார்.

எங்க வீடு மெயின் ரோடு பக்கம். பஸ் ஹார்ன், மேல ஃபேன், காக்கா. என்ன செய்ய?

ஒலிப்பெட்டி | திங்கள், இரவு 10:41

துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து வச்சு, அதுக்கு முன்னால அவரை உட்கார வைங்க. பின்னாடி ஒரு ஜமுக்காளத்தைத் தொங்க விடுங்க. மைக் வாய்க்கு நேரா வேண்டாம், ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டுல. ஃபேனை நிறுத்தித்தான் ஆகணும். விடியக்காலை பஸ் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முன்னால எடுங்க. ஆரம்பத்துல பத்து விநாடி சும்மா அமைதியாப் பதிவு பண்ணுங்க, இரைச்சலை எடுக்க எனக்கு அது வேணும். ஃபைலை அனுப்புங்க, அளவெல்லாம் நான் சரி பண்ணித் தர்றேன்.

வெண்பா வேலன் | திங்கள், இரவு 10:55

அடி முடியும் இடத்தில் மிகச் சின்னதாக ஒரு நிறுத்தம் வைக்கச் சொல்லுங்கள். கமா இருந்தாலும் இல்லாவிட்டாலும். இது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நெல்லைச் சங்கரி | புதன், காலை 5:50

நாலரைக்கு எழுப்பினேன். அவர் முன்னாடியே எழுந்து குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார். பீரோவைத் திறந்தேன், அம்மா ஜமுக்காளத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. முதல் தடவை ஒன்பதாவது வரியில நின்னுட்டார். ரெண்டாவது தடவை கோயில் மணி. மூணாவது தடவை முழுசா வந்தது. பதினாலு வரி, ஒரு நிமிஷம் நாலு விநாடி.

ஒலிப்பெட்டி தம்பி, ஃபைல் அனுப்பியிருக்கேன். பின்னாடி ஜமுக்காளம் உரசுற சத்தம் லேசா இருக்கு, எடுக்க முடிஞ்சா எடுங்க. கடைசி ரெண்டு வரியில மட்டும் எதையும் தொட்டுடாதீங்க. 'ப்ரூவ்ட்'டைக் குறிலாச் சொல்லியிருக்கார்.